டர்பன் தலைப்பாகை முதல் மதுரை அரையாடை வரை: காந்தியின் வாழ்க்கையைச் சொல்லும் துணிகள்

ஷா ஆலம் – தீபாவளியோ கல்யாண மாதமோ நெருங்கிவிட்டால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் தையற்காரர்களுக்குக் கை ஓயாது. மணப்பெண்ணின் ரவிக்கையில் மாப்பிள்ளையின் பெயர், கல்யாணத் தேதி, இருவரும் கைகோத்து நிற்கும் உருவம் என்று ஆரி வேலைப்பாட்டில் ஒரு கதையே ஏறிவிடுகிறது. தான் யார், தன் கதை என்ன என்பதைத் தன் உடுப்பே சொல்ல வேண்டும் என்று இன்று பலரும் ஆசைப்படுகிறார்கள்.

இந்த ஆசையை வாழ்நாள் முழுவதும் மிகக் கடுமையாகக் கடைப்பிடித்தவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவர் வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் உடை மாறியது. மற்றவர்களுக்கு வசதி கூடக் கூடத் துணியும் கூடும். அவருக்குப் புகழ் கூடக் கூடத் துணி குறைந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்த மாற்றங்களில் பலவற்றுக்குக் காரணமாக இருந்தவர்கள் தமிழர்கள். அதிலும் நம் முன்னோரைப் போலக் கப்பலேறிப் போன சஞ்சிக்கூலிகள்.

லண்டனில் ஒரு கனவான்

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த காந்தி, 1888 செப்டம்பரில் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். கரையிறங்கும்போது அழகாக இருக்கட்டும் என்று வெள்ளைக் கம்பளித் துணியில் தைத்த உடுப்பு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் வெள்ளை உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர்தான். மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பெட்டிகளைக் கப்பல் முகவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை.

அந்த வெட்கத்துக்கு ஈடுகட்டுவதுபோல் அடுத்த சில மாதங்கள் கழிந்தன. லண்டனின் பாண்ட் தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை விருந்துக்கான உடுப்பு தைத்துக்கொண்டார். 19 ஷில்லிங்குக்கு உயரமான பட்டுத் தொப்பி வாங்கினார். கைக்கடிகாரம் பரவாத காலம் அது. சட்டைப்பைக் கடிகாரத்துக்கு இரட்டைத் தங்கச் சங்கிலி வேண்டுமென்று அண்ணனுக்கு எழுதி வரவழைத்தார். தினமும் பத்து நிமிடம் கண்ணாடி முன் நின்று டை கட்டவும் வகிடு எடுக்கவும் பழகினார். நடனம், வயலின், மேடைப்பேச்சு என்று வகுப்புகளுக்கும் பணம் கட்டினார்.

சுமார் மூன்று மாதங்களில் இந்த மோகம் தெளிந்தது. நடனத்தையும் வயலினையும் விட்டார். செலவைக் கணக்கெழுதத் தொடங்கினார். ஆனால் நேர்த்தியாக உடுத்தும் பழக்கம் மட்டும் பல ஆண்டுகள் நீடித்தது. அந்நாள் காந்திக்கு உடை என்பது மதிக்கத்தக்கவர் வரிசையில் சேர்வதற்கான நுழைவுச்சீட்டு.

நீதிமன்றத்தில் கழற்றாத தலைப்பாகை

அந்த நுழைவுச்சீட்டு செல்லாது என்பது தென்னாப்பிரிக்காவில் தெரிந்தது. 1893இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காக அவர் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். உடம்பில் மேல்நாட்டுக் கோட்டு, தலையில் இந்தியத் தலைப்பாகை. சில நாட்களிலேயே அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போனார்கள். தலைப்பாகையைக் கழற்றும்படி நீதிபதி சொன்னார். காந்தி மறுத்து வெளியேறினார்.

வம்பே வேண்டாம், ஆங்கிலேயத் தொப்பிக்கு மாறிவிடலாமா என்று அவர் யோசித்ததும் உண்டு. அப்துல்லா சேட் தடுத்தார். அவர் மாறிவிட்டால், தலைப்பாகையை விடமாட்டோம் என்று நிற்கும் மற்றவர்களின் நிலை பலவீனப்படும் என்பது சேட்டின் வாதம். தன் தலையில் இருப்பது தன்னுடையது மட்டுமல்ல என்ற பாடம் அன்று தொடங்கியது.

இந்தக் கதையில் ஒரு முரணும் உண்டு. அடுத்த ஆண்டு நேட்டால் உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டபோது, தலைமை நீதிபதி கேட்டுக்கொண்டபடி அதே தலைப்பாகையைக் கழற்றினார். நண்பர்களுக்கு வருத்தம். பெரிய போராட்டங்களுக்காகத் தன் பலத்தைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

பாலசுந்தரம் கையில் இருந்த துணி

அந்தப் பெரிய போராட்டம் கந்தல் உடுத்திக்கொண்டு அவர் அலுவலக வாசலுக்கே வந்தது. வந்தவர் பாலசுந்தரம், தமிழ்ச் சஞ்சிக்கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் வழிந்தது. தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடுங்கி நின்றார். காந்தியின் எழுத்தர் தமிழர் என்பதால் நடந்ததெல்லாம் விளங்கியது.

காந்தி அவரை மருத்துவரிடமும் பிறகு நீதிபதியிடமும் அழைத்துச் சென்றார். கடைசியில் வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட ஏற்பாடு செய்தார். ஆனால் அவர் மனதைக் குடைந்தது அந்தத் தலைத்துணிதான். வெள்ளையரைப் பார்க்கப் போகும் கூலித் தொழிலாளி தலையில் கட்டியிருப்பதைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். தன் முன்னாலும் அப்படி நிற்க வேண்டும் என்று பாலசுந்தரம் எண்ணிவிட்டார். தலைத்துணியைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். அதைக் கட்டிக்கொண்டபோது பாலசுந்தரத்தின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைக் காந்தி தன் சுயசரிதையில் மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

இந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. கூலிகளுக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்ற பேச்சு சென்னை வரை போனது.

கஸ்தூரிபா பட்ட பாடு

வெளியே இப்படி நடந்தவர் வீட்டுக்குள் எப்படி நடந்தார்? 1896இல் மனைவி மக்களை அழைத்துப்போக இந்தியா வந்த காந்தி, நாகரிகமானவர்கள் என்று பெயரெடுக்க அவர்களின் உடையை மாற்ற வேண்டும் என்று தீர்மானித்தார். முழு மேல்நாட்டு உடை பொருந்தாது என்பதால் பார்சி சமூகத்தாரின் பாணியைத் தேர்ந்தெடுத்தார். கஸ்தூரிபாவுக்குப் பார்சிச் சேலை. பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டும் கால்சட்டையும். எல்லாருக்கும் காலுறையும் பூட்ஸும்.

பூட்ஸ் காலைக் கடித்தது, காலுறை வியர்வையில் நாறியது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அவர்களின் விருப்பத்தை அவர் கேட்கவில்லை. கணவனின் அதிகாரத்தால் நடந்த உடைமாற்றம் அது என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டு எழுதினார். அதே அதிகாரத்தோடுதான் சில ஆண்டுகள் கழித்து அந்த உடைகளைக் கழற்றவும் வைத்தார். ஒருவருடைய கதையை அவர் உடுப்பு சொல்ல வேண்டுமானால், உடுப்பைத் தேர்ந்தெடுப்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும். காந்திக்கு இது வீட்டில் மிகத் தாமதமாகவே புரிந்தது.

உயிர் காத்த மதராஸ் துணி

அந்தக் குடும்பத்தோடு டர்பன் வந்த அவர் 1897 ஜனவரி 13 அன்று கரையிறங்கினார். வெள்ளையர் கூட்டம் அவரைச் சூழ்ந்து கல்லாலும் முட்டையாலும் அடித்தது. தலைப்பாகை பறந்தது. காவல்துறை அதிகாரி அலெக்சாண்டரின் மனைவி தன் குடையை விரித்துக் குறுக்கே நின்றிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

அன்றிரவு அவர் தங்கியிருந்த வீட்டையும் கூட்டம் சூழ்ந்தது. அலெக்சாண்டரின் யோசனைப்படி காந்தி மாறுவேடத்தில் தப்பினார். இந்தியக் காவலரின் சீருடை. தலையில் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மதராஸ் துணியைத் தலைக்கவசம் போலச் சுற்றிக்கொண்டார். உயிரையும் அன்று ஒரு துணிதான் காப்பாற்றியது.

பண்ணையில் தைத்த நீல உடை

1910இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே சுமார் 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. நிலத்தைக் கொடுத்தவர் காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக். சிறை சென்ற போராளிகளின் குடும்பங்கள் அங்கே கூடி வாழ்ந்தன. அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள்.

பண்ணையில் எல்லாரும் தொழிலாளிகள், ஆகவே எல்லாருக்கும் தொழிலாளி உடை என்று முடிவானது. முரட்டு நீலத் துணியில் கால்சட்டையும் சட்டையும், சிறைக்கைதியின் உடுப்பைப் பார்த்துச் செய்தவை. பண்ணைப் பெண்கள் தையல் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். காலன்பாக் செருப்புத் தைக்கக் கற்று வந்து காந்திக்கும் கற்றுக்கொடுத்தார். பாரிஸ்டர் காந்தி செருப்புத் தைத்தார். தன்னைச் சிறையில் தள்ளிய ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் அவர் தைத்த ஒரு சோடி பின்னர் பரிசாகப் போனது.

1913இல் போராட்டம் உச்சத்தை எட்டியது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மீது சுமத்திய 3 பவுன் தலைவரியை எதிர்த்து நேட்டால் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத்தாரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். டிசம்பரில் சிறையிலிருந்து விடுதலையான காந்தி, டர்பனில் நடந்த கூட்டத்துக்கு வந்த கோலத்தைக் கண்டு மக்கள் திகைத்தார்கள். தலை மழிக்கப்பட்டிருந்தது. செருப்பில்லாத கால். நீண்ட சட்டையும் லுங்கியும். கோட்டும் டையும் போன இடம் தெரியவில்லை.

அது இறந்தவர்களுக்கான துக்கக் கோலம். சஞ்சிக்கூலிகள் உடுத்துவதைத்தான் அவரும் உடுத்தியிருந்தார். மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றுக் காய்ச்சலோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். 1915இல் இந்தியா திரும்பிய காந்தி, அதே ஆண்டில் வள்ளியம்மையின் பெற்றோர் பிறந்த மண்ணுக்குச் சென்று மரியாதை செலுத்தினார்.

45 அங்குல வேட்டி

பம்பாயில் இறங்கியபோது அவர் காத்தியவாட் விவசாயியைப்போல் அங்கியும் தலைப்பாகையும் வேட்டியுமாக வந்தார். நகரத்துப் பெரிய மனிதர்கள் அளித்த வரவேற்பில் அந்த உடை தனித்துத் தெரிந்தது.

1917இல் சம்பாரண் அவுரி விவசாயிகளுக்காக அவர் பீகாரில் இருந்தபோது, பீதிஹர்வா கிராமத்துப் பெண்கள் ஏன் அழுக்குச் சேலை உடுத்துகிறார்கள் என்று கேட்டுவரும்படி கஸ்தூரிபாவிடம் சொன்னார். ஒரு பெண் தன் குடிசைக்குள் அழைத்துக் காட்டினாள். பெட்டியில்லை, மாற்றுத் துணியில்லை. உடுத்தியிருந்த ஒற்றைச் சேலையை எப்போது துவைப்பது? அந்தச் செய்தி காந்தியை உறுத்திக்கொண்டே இருந்தது.

சபர்மதி ஆசிரமத்தில் தறி போட்டார்கள். ஆனால் நூல் ஆலையிலிருந்து வந்தது. கையால் நூற்க யாருக்கும் தெரியவில்லை. கங்காபென் என்ற அம்மையார் ஊர் ஊராகத் தேடி பரோடா பகுதியிலுள்ள வீஜாப்பூரில் பரணில் கிடந்த இராட்டைகளைக் கண்டுபிடித்தார். முதலில் நெய்த கதர் கஜம் 17 அணா. அகலமோ 30 அங்குலம்தான். ஒரு மாதத்துக்குள் 45 அங்குல அகலத்தில் வேட்டி வராவிட்டால் அந்தக் குட்டைத் துணியையே கட்டிக்கொள்வேன் என்று காந்தி கங்காபெனுக்குக் கெடு வைத்தார். கெடுவுக்குள் வேட்டி வந்தது. குட்டைத் துணி பின்னர் மதுரையில் வந்தது.

மதுரை, 1921 செப்டம்பர் 22

அந்த ஆண்டு ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணிகள் தீயிடப்பட்டன. அதன்பின் தமிழகச் சுற்றுப்பயணம். மதுரைக்கு ரயிலில் வரும் வழியில் சக பயணிகள் அந்நியத் துணி உடுத்தியிருந்ததைக் கண்டு கதர் அணியச் சொன்னார். கதர் வாங்குமளவுக்குத் தங்களிடம் காசில்லை என்று அவர்கள் கையை விரித்தார்கள்.

தான் சொன்னதில் இருந்த ஓட்டை அவருக்கே தெரிந்தது. உடம்பில் முழுச்சட்டை, தலையில் தொப்பி, கணுக்கால்வரை வேட்டி. இவ்வளவையும் உடுத்திக்கொண்டு இல்லாதவனுக்கு எப்படி உபதேசிப்பது? அன்றிரவு மேல மாசி வீதி 251-ஏ எண் வீட்டில் தங்கினார். மறுநாள் காலை வெளியே வந்தபோது தலை மழித்திருந்தது, இடுப்பில் முழங்காலுக்கு மேல் நின்ற ஒரு துண்டு மட்டும் இருந்தது. குளிருக்குத் தேவைப்பட்டால் போர்த்திக்கொள்ள ஒரு மேல்துணி.

உடன் வந்தவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மற்றவர்களும் அப்படி உடுத்த வேண்டும் என்று காந்தி கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்ட தகப்பன் இந்த முறை தன் உடம்போடு நிறுத்திக்கொண்டார். அக்டோபர் 31 வரை இருந்து பார்ப்பது என்பதே திட்டம். அந்தச் சில வாரங்கள் 26 ஆண்டுகளாக நீண்டன. அவர் புதிய கோலத்தில் மக்கள் முன் தோன்றிய இடம் மதுரையில் காந்தி பொட்டல் என்று பெயர் பெற்றது. மேல மாசி வீதி வீட்டில் இன்று கதர்க்கடை நடக்கிறது.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் சென்றபோதும் அதே உடைதான். முன்பு பாண்ட் தெருவில் உடுப்பு தைத்தவர், இம்முறை ஏழைத் தொழிலாளர் வாழும் கிழக்கு லண்டனில் தங்கினார். கதர் இயக்கத்தால் வேலையிழந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களையே தேடிப்போய்ப் பார்த்தார். அவர்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். நவம்பர் 5 அன்று பக்கிங்ஹாம் அரண்மனைத் தேநீர் விருந்துக்கும் அரையாடையும் சால்வையும் செருப்புமாகவே போய்வந்தார்.

அதே மேசையில் கோட்டு அணிந்தவர்

இந்தக் கதையின் மறுபக்கமும் அதே மாநாட்டில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் அம்பேத்கர் நேர்த்தியாகத் தைத்த கோட்டும் டையுமாக வந்திருந்தார். நல்ல உடை உடுத்தும் உரிமையே தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதி அவர். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859இல்தான் அரச ஆணை பெற்றார்கள். அவர்களுக்குத் துணியைக் குறைப்பது தியாகம் ஆகாது. முழுதாக உடுத்துவதே விடுதலை.

இருப்பவர் கழற்றுவதும் இல்லாதவர் உடுத்துவதும் ஒன்றல்ல. அம்பேத்கரின் கோட்டும் காந்தியின் அரையாடையும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. இரண்டும் இரண்டு உண்மையான வாழ்க்கைக் கதைகள். இரண்டையும் அணிந்தவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

கிள்ளான் தோட்டங்களில் வெள்ளைக் குல்லா

காந்தி மலாயாவுக்கு வந்ததில்லை. அவர் பெயரால் வழங்கிய குல்லா வந்தது. 1941இல் ஆர்.எச். நாதன் போன்றோர் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பலர் தலையில் வெள்ளைக் காந்திக் குல்லா இருந்தது. தோட்டத்துத் துரைமார்களுக்கு அது பெரிய உறுத்தல்.

தொழிலாளர்களின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். டர்பனில் பாலசுந்தரம் தலைத்துணியைக் கையில் பிடித்து நின்றாரே, அதே எழுதாத சட்டம்தான் இங்கே சைக்கிளில் வந்து உட்கார்ந்திருந்தது.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்று மாநிலத் தலைநகராக நிமிர்ந்து நிற்கும் ஷா ஆலம், அந்நாளில் சுங்கை ரெங்காம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டப்பகுதி. அந்த வெள்ளைக் குல்லாக்களில் ஒன்று தங்கள் தாத்தாவோ பாட்டனோ அணிந்ததாக இருக்கலாம் என்பதை இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசித் துணி

1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை டெல்லியில் பிரார்த்தனைக்கு நடந்துபோகும் வழியில் காந்தி சுடப்பட்டார். பாண்ட் தெரு உடுப்பும் பட்டுத் தொப்பியும் தங்கச் சங்கிலியும் வைத்திருந்த மனிதர் விட்டுப்போனவற்றை ஒரு சிறு மூட்டையில் கட்டிவிடலாம். கண்ணாடி, சட்டைப்பைக் கடிகாரம், செருப்பு, சில துணிகள்.

மதுரையில் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அதைத் திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. அதில் பெயர் இல்லை, தேதி இல்லை, பூவேலை இல்லை. யாருடைய துணி என்று யாரும் கேட்பதும் இல்லை.